வண்டி ஏன் இடப்பக்கமே திரும்பியது?

கேள்வி:

என் மகளுக்குப் பத்து வயது. நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி விட்டபின் நாங்கள் வீடு திரும்பும்வரை அவளை எங்கே விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்திலுள்ள ஒரு மையத்தில் மாலை நேரத்தில் ரோபாட்டிக்ஸும் கோடிங்கும் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்த்தோம். வாரத்துக்கு மூன்று நாள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. நான்கு சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறாள். ஆனால் "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டால், "ரோபோ செய்தோம்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. ஒருநாள் மட்டும், "எங்கள் வண்டி நேராகவே போகவில்லை அம்மா, இடப்பக்கமே திரும்பியது. சார் வாங்கி இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்" என்றாள். அன்று இரவு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பன்னிரண்டு பேர். இவள் குழுவில் இவள் ஒருத்திதான் பெண். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று குறிப்பேடு எழுதும் வேலையை இவளிடம் கொடுத்திருக்கிறார்கள். கணக்கில் மதிப்பெண்ணும் உயரவில்லை. "வீண் செலவு. நிறுத்திவிட்டு கணக்கு டியூஷனுக்கு அனுப்பலாம்" என்கிறார் கணவர். நிறுத்தினால் காலத்துக்கேற்ற படிப்பில் பின்தங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம். இதற்கிடையில் வீட்டில் இரண்டு டார்ச் விளக்குகளைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டணமும் மதிப்பெண்ணும் உங்களை எவ்வளவு உறுத்துகின்றன என்பது புரிகிறது. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தியை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். வண்டி இடப்பக்கமே திரும்பியது, ஆசிரியர் வாங்கிச் சரிசெய்தார், குழந்தை இரவு முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்து மாதத்தில் அவளாக வாய்திறந்து சொன்ன ஒரே விஷயம் அதுதான். அந்த மையத்தில் அவளுக்குக் கிடைத்த உருப்படியான கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். இத்தகைய சிறு வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு மோட்டார்கள் இருக்கும், இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று. வண்டி இடப்பக்கம் இழுத்தால், வலச்சக்கரத்தைவிட இடச்சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது என்று பொருள். ஏன் மெதுவாகச் சுழல்கிறது? ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மலிவான மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சக்கரம் அச்சில் கோணலாக மாட்டப்பட்டு வண்டியின் உடம்போடு உரசலாம். பேட்டரிப் பெட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்து பாரம் கூடியிருக்கலாம். ஒயர் இணைப்பு தளர்ந்திருக்கலாம். நிரலில், அதாவது வண்டிக்கு எழுதிக் கொடுத்த கட்டளைகளில், ஓர் எண் பிசகியிருக்கலாம். ஆக, சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர்.

குற்றவாளியைப் பத்து வயதுக் குழந்தையே பிடித்துவிடலாம். வேறு எதையும் தொடாமல் இரண்டு மோட்டார்களை மட்டும் இடம் மாற்றி மாட்டச் சொல்ல வேண்டும். இப்போது வண்டி வலப்பக்கம் திரும்பினால், குறை மோட்டாரோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அப்போதும் இடப்பக்கமே திரும்பினால் மோட்டாரை விட்டுவிட்டு, அடுத்து சக்கரங்களை மாற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் பிடிபடாவிட்டால் பேட்டரிப் பெட்டியை நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. புது மருந்தைச் சோதிக்கிறவரும் வயலில் உரத்தைச் சோதிக்கிறவரும் செய்வது இதைத்தான். மோட்டார்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால், நிரலில் வேகமான மோட்டாருக்குப் போகும் எண்ணைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து வண்டியை நேராக ஓட வைக்கலாம். பேட்டரி இறங்கியதும் அது மறுபடி கோணலாகப் போனால் அடுத்த நாளைக்கும் ஒரு கேள்வி தயார்.

இதற்கெல்லாம் முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். ஆசிரியர் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் நான். அதில் பதினெட்டு ஆண்டுகள் பள்ளி விட்டபின் ஆய்வுக்கூடத்தின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அறிவியல் மன்றம் நடத்தினேன். தொடக்க ஆண்டுகளில் இதே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன். ஒரு கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை, இரண்டு மாணவர்கள் செய்த மழை எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரவு உட்கார்ந்து நானே இணைப்புகளை மாற்றினேன். மறுநாள் மணி அடித்தது, பரிசும் கிடைத்தது. மேடையிலிருந்து இறங்கிய பையன் கோப்பையை என் கையில் கொடுத்து, "இது உங்களுடையது சார்" என்றான். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் கொடுத்தான். அதன்பிறகு மன்றம் நடக்கும் நேரத்தில் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழகினேன். கற்பித்தலில் நான் கற்றவற்றில் அதுதான் கடினமாக இருந்தது.

சரி, இந்த மாலை வகுப்புகளால் பயன் உண்டா? உண்டு. ஆனால் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் பயன்கள் அவை அல்ல. பள்ளியில் ஒரு பாடவேளை முக்கால் மணி நேரம். செய்முறை வகுப்பில்கூட விடை முன்கூட்டியே தெரியும். புத்தகத்திலிருக்கும் எண் வந்தால் மதிப்பெண், வராவிட்டால் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். நான் இருபத்தாறு ஆண்டுகள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தவன். மாலையில் அப்படி இல்லை. தேர்வு கிடையாது, மணி அடிக்காது, தப்பு செய்தால் நட்டமில்லை. ஒரு காரியம் ஏன் நடக்கவில்லை என்று ஒரு மணி நேரம் மண்டையைக் குடைந்துகொள்ளக் குழந்தைக்கு வேறெங்கே இடமிருக்கிறது? அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இந்த வகுப்புகளே. அதைக் கொடுக்காத வகுப்பில் எத்தனை விலையுயர்ந்த கருவி இருந்தாலும் நேரம் போக்கிவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. குழந்தைகளுக்கென்று கணினி மொழி உருவாக்கும் முயற்சி 1967இலேயே தொடங்கிவிட்டது. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்சைக் ஆகியோர் உருவாக்கிய 'லோகோ' என்ற மொழி அது. அதில் ஓர் ஆமைக்கு "முன்னால் போ", "திரும்பு" என்று கட்டளை கொடுத்துப் படம் வரைய வைக்கலாம். 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த 'ஸ்கிராட்ச்' அதன் வழி வந்ததுதான். ஆமை இருந்த இடத்தில் பூனை. உங்கள் மகளும் அநேகமாக இதில்தான் தொடங்கியிருப்பாள்.

சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் குழந்தை என்ன செய்யும்? முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பள்ளியில் படித்திருக்கிறது. ஆகவே "100 அடி நட, 60 பாகை திரும்பு" என்பதை மூன்று முறை எழுதும். பூனை மூன்று கோடுகளைப் போட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கு வராமல் அந்தரத்தில் நிற்கும். "தப்பு, 120 போடு" என்று சொல்லிவிட்டால் பத்து நொடியில் முக்கோணம் வந்துவிடும், பாடமும் முடிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் ஏதாவது ஒரு குழந்தை, 'இன்னும் சில முறை ஓடவிட்டுப் பார்ப்போமே' என்று நினைக்கும். ஆறாவது முறையில் கோடு மூடிக்கொண்டு அறுகோணமாகிவிடும். அடுத்து ஒருவன் எழுந்து, தானே பூனையாகி அறைக்குள் நடந்து பார்ப்பான். போய்க்கொண்டிருக்கும் திசையிலிருந்து எவ்வளவு திரும்புகிறோம் என்பது வேறு, முக்கோணத்துக்குள்ளே இருக்கும் கோணம் வேறு என்பது அவன் காலுக்குத் தெரியவரும். முழுச் சுற்று 360, மூன்று திருப்பம் என்றால் 120, ஆறு என்றால் 60. அறுகோணம் ஏன் வந்தது என்பதும் அப்போதே விளங்கிவிடும். இந்தக் குழந்தைக்கு வெளிக்கோணம் என்றால் என்னவென்று யாரும் மறுபடி சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கோடிங் படித்தால் தர்க்க அறிவு வளரும், அதனால் கணக்கும் தானாக வந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படித் தானாக வருவதில்லை. ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1984இல் எழுதினார்கள். லோகோ படித்த குழந்தைகளையும் படிக்காத குழந்தைகளையும் ஒரு வேலையைத் திட்டமிடச் சொல்லிப் பார்த்தபோது, படித்தவர்கள் எந்த விதத்திலும் மேலாக இல்லை. பேப்பர்ட்டின் ஆதரவாளர்களுக்கு அது கசப்பான முடிவு. எனக்கு வியப்பாக இல்லை. ஒன்றில் கற்றதை இன்னொன்றில் பொருத்திப் பார்க்க யாராவது பக்கத்திலிருந்து தூண்ட வேண்டும். "இதே தந்திரத்தை வேறெங்கே பார்த்தாய்?" என்று ஒருவர் கேட்க வேண்டும். வெறுமனே கட்டளைகளை அடுக்குவதால் அது நடக்காது.

ஆகவே மதிப்பெண்தான் குறி என்றால் டியூஷனே நேர்வழி. அவள் கணக்கில் உண்மையாகவே தடுமாறுகிறாள் என்றால், எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று பார்த்து உதவி செய்யுங்கள். ரோபோ அதைச் செய்யாது. ஆனால் உங்கள் கணவரிடம் இன்னொரு ஆய்வையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் ராபர்ட் டாய் என்பவரும் அவருடைய சகாக்களும் 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. எட்டாம் வகுப்பில், "முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய்?" என்று கேட்டபோது அறிவியல் தொடர்பான வேலையைச் சொன்னவர்களும் வேறு வேலையைச் சொன்னவர்களும் பின்னாளில் என்ன பட்டம் வாங்கினார்கள் என்று அவர்கள் பார்த்தார்கள். மற்ற சூழ்நிலைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், அறிவியலைச் சொன்னவர்கள் இயற்பியல், பொறியியல் போன்ற துறைகளில் பட்டம் பெறும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 3.4 மடங்கு இருந்தது. கணக்கில் நடுத்தரமாக இருந்தும் அறிவியல் ஆசை கொண்டவர்கள், கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்தும் அந்த ஆசை இல்லாதவர்களை முந்தியிருந்தார்கள். ஆசை மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் பதின்மூன்று வயதுக்குள் ஒரு குழந்தைக்கு, 'இது என் இடம்' என்ற எண்ணம் விழுவதும் விழாமல்போவதும் சின்ன விஷயமில்லை. மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது.

இங்கேதான் குறிப்பேடு எனக்கு உறுத்துகிறது.

பெண் குழந்தையின் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பையன்கள் திருப்புளியை எடுத்துக்கொள்வதை என் மன்றத்திலும் பார்த்திருக்கிறேன். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. "உன் கையெழுத்துதான் அழகு" என்பது பாராட்டுபோலத்தான் காதில் விழும். ஆனால் ஐந்து மாதம் அடுத்தவர் செய்வதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த குழந்தையிடம், "என்ன செய்தாய்?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? "ரோபோ செய்தோம்" என்ற பதிலில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை. குழு செய்தது, அவள் எழுதினாள்.

டேவிட் சேம்பர்ஸ் என்பவர் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் "ஒரு விஞ்ஞானியை வரை" என்று சொல்லிச் சேர்த்த 4,807 படங்களைப் பற்றி 1983இல் எழுதினார். அவற்றில் பெண் விஞ்ஞானி இருந்தவை 28. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் பெண் குழந்தைகள். இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2018இல் வந்த ஒரு கட்டுரையில் நிலைமை மாறியிருந்தது. 1985க்குப் பிந்தைய ஆய்வுகளில் சராசரியாக 28 சதவீதக் குழந்தைகள் பெண்ணை வரைந்திருந்தார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. வயது ஏற ஏற, குழந்தைகள் ஆணையே வரைவது கூடிக்கொண்டு போகிறது. உங்கள் மகள் இப்போது அந்தச் சரிவின் விளிம்பில்தான் நிற்கிறாள்.

குறிப்பெழுதுவதைத் தாழ்வாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பின்னாளில் பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில், வேலை முடிந்தபின் லண்டனில் ஜான் டேட்டம் என்பவர் வீட்டில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போனார். 1810இல் தொடங்கியது. ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன். மாலை நேர அறிவியல் வகுப்பு வீண் செலவா என்று அந்த வீட்டிலும் பேச்சு வந்திருக்கலாம்! பிறகு 1812இல், கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் கொடுத்த அனுமதிச் சீட்டில், லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். எழுதி வைத்த குறிப்புகளைப் படங்களோடு தன் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு அதே நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆக, குறிப்பேட்டால் வாழ்க்கையே திரும்பியவரும் உண்டு. ஆனால் ஃபாரடே கேட்டதை எழுதியதோடு விடவில்லை, கையில் கிடைத்த பொருள்களைக்கொண்டு தானும் செய்து பார்த்தார். பின்னாளில் மாலை வகுப்பின் அருமை தெரிந்தவராக, இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1825இல் தொடங்கிவைத்தவரும் அவரே. அவை இன்றும் நடக்கின்றன.

ஆகவே மையத்தில் நீங்கள் கேட்க வேண்டியது, "என் மகளுக்குக் குறிப்பேடு வேண்டாம்" என்பதில்லை. எல்லோரும் எழுதட்டும், எல்லோரும் திருப்புளி பிடிக்கட்டும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும் என்று கேளுங்கள். அல்லது அவளும் வகுப்பிலிருக்கும் இன்னொருவரும் என இரண்டு பேர் மட்டும் கொண்ட குழு வேண்டும் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு ஒரு வண்டி என்றால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் தப்பிக்க வழியில்லை.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து மாதத்தில் நான்கு என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமாக இருந்த குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய நற்சான்று கிடைக்கும் என்று முன்பே சொல்லி வரைய வைத்தார்கள். இரண்டொரு வாரம் கழித்து, பரிசு ஏதும் இல்லாதபோது பார்த்தால், அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களில் பாதியளவாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. நான்கு தாள்களையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். சுவரில் மாட்ட வேண்டாம். அடுத்த சான்றிதழ் எப்போது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சுவரில் எதையாவது மாட்டியே ஆக வேண்டும் என்றால், பிரித்துப் போட்ட டார்ச்சின் பாகங்களை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டிப் பெயர் எழுதி மாட்டச் சொல்லுங்கள்.

பின்தங்கிவிடுவாளோ என்ற உங்கள் பயத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பத்து வயதில் யாரும் எதிலும் பின்தங்குவதில்லை. கணினி மொழிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆர்வத்தோடு பதினைந்து வயதில் தொடங்குகிற பிள்ளை, ஆர்வமில்லாமல் பத்து வயதில் தள்ளிவிடப்பட்ட பிள்ளையைச் சில மாதங்களில் பிடித்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இந்தப் பயத்தை வைத்துத்தான் பாதி விளம்பரங்கள் ஓடுகின்றன. பத்து வயதுக் குழந்தைக்கு மூன்றே மாதத்தில் செயற்கை நுண்ணறிவு கற்பிக்கிறோம் என்ற வரியைப் படித்தால், பெருக்கல் வாய்பாடு எத்தனை மாதத்தில் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

முடிவெடுப்பதற்கு முன் ஒருநாள் வேலையிலிருந்து சற்று முன்னதாகக் கிளம்பி, அந்த வகுப்பில் அரை மணி நேரம் ஒரு மூலையில் நின்று பாருங்கள். கருவிகளை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். பொருள்களைத் தொடுகிற கைகள் ஆசிரியருடையவையா, குழந்தைகளுடையவையா? பன்னிரண்டு பேரும் அச்சடித்த தாளைப் பார்த்து ஒரே மாதிரி பொருளை ஒரே நேரத்தில் முடிக்கிறார்களா? தொடக்கத்தில் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும், பெயர்களும் பிடிமானமும் தெரிய வேண்டுமே. ஐந்தாம் மாதத்திலும் அப்படியே இருந்தால் அது சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பதுதான். ஒன்று வேலை செய்யாதபோது ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று கடிகாரத்தில் பாருங்கள். அலமாரியில் பாதியில் நிற்கிற, கோணல்மாணலான, ஒயர் தொங்குகிற பொருள்கள் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. எல்லாமே பளபளவென்று முடிந்த பொருள்களாக இருந்தால் சந்தேகப்படுவேன். சாலிடரிங் (உலோகத்தை உருக்கி ஒயர்களை ஒட்டுவது) செய்கிறார்கள் என்றால் கண்ணாடியும் காற்றோட்டமும் இருக்கிறதா என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

பிறகு ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். புகாராக வேண்டாம். வண்டி இடப்பக்கம் திரும்பிய நாளைச் சொல்லி, "அடுத்த முறை அவளே கண்டுபிடிக்கட்டும், முடிக்காமலே வீட்டுக்கு வந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லுங்கள். பல ஆசிரியர்கள் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருக்கிறார்கள். முடிந்த பொருளைப் பெற்றோரிடம் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் அவர்கள் கையை நீட்டுகிறார்கள். நெருக்கடியை நீங்கள் எடுத்துவிட்டால், பாதி பேர் உடனே பின்வாங்கிவிடுவார்கள். மூன்று நாளில் ஒருநாளைப் பாடமில்லாமல், விருப்பப்பட்டதைச் செய்யும் நாளாக விட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் பொறுங்கள். மாற்றம் இல்லையென்றால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள். செலுத்திய கட்டணத்தை நினைத்துத் தொடர வேண்டாம்.

நிறுத்தினாலும் அந்த நேரத்தையெல்லாம் டியூஷனால் நிரப்பிவிடாதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரையான குழந்தைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் பரிந்துரை. பள்ளி, மாலை வகுப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் போக அவ்வளவு மிஞ்சுகிறதா என்று ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். ஓடி விளையாடவும் நேரம் வேண்டும், சும்மா இருக்கவும் நேரம் வேண்டும். டார்ச்சுகளைப் பிரிக்கத் தோன்றியது அப்படிச் சும்மா இருந்த நேரத்தில்தான்.

டார்ச்சுகளைப் பற்றி நீங்கள் எழுதிய தொனியில் ஒரு சலிப்பு தெரிந்தது. என் காதில் அது நல்ல செய்தியாகத்தான் விழுந்தது. மூன்றாவது டார்ச்சை நீங்களே கொடுங்கள். ஒரே நிபந்தனை, பிரிக்கும்போது எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று படம் வரைந்துகொண்டே பிரிக்க வேண்டும், திரும்ப மாட்டி எரிய வைக்க வேண்டும். ஆனால் எல்லையைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சுவரில் செருகி ஓட்டும் எதையும் பிரிக்கக் கூடாது. செருகியைப் பிடுங்கிவிட்டோம் என்பது போதாது, சில கருவிகளின் உள்ளே மின்தேக்கிகள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். கைபேசி, மடிக்கணினி பேட்டரிகளைக் குத்தவோ வளைக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பொத்தான் போன்ற சிறு பேட்டரிகள் கீழே கிடக்கக் கூடாது, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மையம் இல்லாத நாள்களுக்கு ஒரு கயிறும் ஒரு கனமான நட்டும் போதும். கயிற்றின் நுனியில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு முறை போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து ஊசலாட்டத்துக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுத்தால் கணக்கு துல்லியமாக வரும். தொங்கும் இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதிவரை 25 செ.மீ. இருந்தால் ஏறத்தாழ ஒரு நொடி. இரண்டு நொடி ஆக்க வேண்டும் என்றால் கயிற்றை எவ்வளவு நீட்ட வேண்டும்? எல்லோரும் 50 என்பார்கள். உங்கள் கணவரையும் கேளுங்கள். அளந்து பார்த்தால் ஒரு மீட்டர் வேண்டியிருக்கும். இரண்டு நட்டுகளைக் கட்டினால் வேகம் கூடுமா என்று அடுத்து கேளுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கே தெரியாது என்றால் இன்னும் நல்லது. இரண்டு பேருமாகப் பார்க்கலாம். கணக்கு டியூஷன் கேட்டவருக்கு இதில் வகுத்தலும் வர்க்கமும் இருப்பது தெரிந்தால் அவரே கயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் கணவர் சொல்வது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது, நான்கு சான்றிதழ்கள் இருக்கின்றன. தொடர வேண்டுமா என்று அவளிடம் கேட்டதாக ஒரு வரி இல்லை. கேளுங்கள். நேரடியாகக் கேட்டால், "தெரியலை" என்று தோளைக் குலுக்குவாள், பத்து வயதுக்கு அது இயல்பு. அதனால் கொஞ்ச நாள், "என்ன செய்தாய்?" என்பதை விட்டுவிட்டு, "இன்றைக்கு எது ஓடவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் சில நாள் விசித்திரமாகப் பார்ப்பாள். பிறகு சொல்லத் தொடங்குவாள். சொல்லத் தொடங்கியதும் "அப்புறம்?" என்பதற்கு மேல் எதுவும் பேசாதீர்கள்.

முதல் நாளே அந்த வண்டியைப் பற்றிக் கேட்கலாம். ஆசிரியர் அதில் எதை மாற்றினார் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், மையத்தில் வேண்டி அந்த வண்டியை மறுபடி இடப்பக்கமே திரும்பும்படி கெடுத்து வைக்கச் சொல்லி, அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மோட்டாரா, சக்கரமா, பேட்டரிப் பெட்டியா என்பதை எனக்கு அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றீர்களே.